இஞ்சியைத் தாண்டி பீரைத் தேடுங்கள்: பெங்களூரில் ஒரு கோல்டன் ஏலைச் சுவைத்துப் பழக

பெங்களூருக்கு வேலைக்கு வந்த தமிழர்களில் பலரை, ஏதோ ஒரு வெள்ளிக்கிழமை மாலை, அலுவலக நண்பர்கள் இந்திராநகரிலோ கோரமங்களாவிலோ இருக்கும், பீரை அங்கேயே காய்ச்சித் தரும் ஒரு மைக்ரோ ப்ரூவரிக்கு அழைத்துப் போவார்கள். கையில் ஒரு பட்டியலைக் கொடுப்பார்கள். ஸ்டவுட், சைசான், ஹெஃபவைசன் என்று வாயில் நுழையாத பெயர்களுக்கு நடுவே, இஞ்சியும் எலுமிச்சையும் சேர்த்த கோல்டன் ஏல் என்று ஒரு வரி இருந்துவிட்டால் விரல் தானாக அங்கே போய் நிற்கும். இஞ்சியும் எலுமிச்சையும் நமக்குப் புதிதா என்ன?

புதிதில்லை என்பதுதான் சிக்கல். இஞ்சி என்று மூக்கு கண்டுபிடித்துவிட்டால் மூளை அத்துடன் கடையை மூடிவிடும். அடியில் இருக்கும் பீர் நல்லதா, பழையதா, சோம்பேறித்தனமாகக் காய்ச்சியதா என்று பார்க்கவே பார்க்காது. மணமூட்டிய பீர் எதையும் சுவைக்கும்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்த இஞ்சியையும் எலுமிச்சையையும் எடுத்துவிட்டால் மிச்சம் நிற்குமா, நிற்காதா? அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லப் பழகுவதற்கான வழிகள்தான் கீழே இருப்பவை.

மதுப் பழக்கம் இல்லாதவர்களை உள்ளே இழுப்பது என் நோக்கமில்லை. குடிக்காதவர்கள் வீட்டுப் பயிற்சிப் பகுதியை மட்டும் செய்து பார்க்கலாம். அதில் ஒரு சொட்டு மது கிடையாது. கர்நாடகத்தில் மதுக்கூடங்கள் 21 வயது நிரம்பியவர்களுக்கு மட்டுமே மது தர வேண்டும். வாசலில் அடையாள அட்டை கேட்டால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கோப்பையில் இருப்பது என்ன

ஏல் என்பது சற்று வெதுவெதுப்பான சூட்டில், ஏறக்குறைய 15 முதல் 24 டிகிரி செல்சியஸில் புளிக்கவைக்கப்படும் பீர். கடைகளில் பாட்டிலில் கிடைக்கும் பிரபலமான பீர்கள் பெரும்பாலும் லாகர் வகை. அவற்றைக் குளிரில், வேறு ஈஸ்ட் கொண்டு, மெதுவாகப் புளிக்கவைப்பார்கள். சூட்டில் வேலை செய்யும் ஈஸ்ட் பழ வாசனைகளை அதிகம் உண்டாக்கும். ஏல் பீர்களில் மெலிதாக ஒரு ஆப்பிள், பேரிக்காய் மணம் வருவது அதனால்தான். யாரும் பழம் போடவில்லை.

கோல்டன் ஏல் இங்கிலாந்தில் பிறந்தது, அதுவும் அண்மையில். மங்கிய பழுப்பு நிற ஏல்களை விட்டு இளைஞர்கள் லாகர் பக்கம் போய்க்கொண்டிருந்த 1980களில், அவர்களைத் திரும்ப இழுக்கவென்று சில சிறு ப்ரூவரிகள் வெளிர்நிற ஏல்களைக் காய்ச்சின. 1986இல் சாமர்செட்டில் வந்த எக்ஸ்மூர் கோல்டும், 1989இல் ஹாப் பேக் ப்ரூவரி கொண்டுவந்த சம்மர் லைட்னிங்கும் இந்த வகையின் முன்னோடிகள். பார்ப்பதற்கு லாகர் போல, குடிப்பதற்கு ஏல் போல என்பதுதான் உத்தி. ஆல்கஹால் பெரும்பாலும் 4 முதல் 5 சதவீதத்துக்குள் இருக்கும். நம் ஊர்க் கடைகளில் அதிகம் விற்கும் ஸ்ட்ராங் பீரைவிட மென்மையானது.

இவ்வளவு மெல்லிய பீரில் இஞ்சி போடுவது துணிச்சலான காரியம். கறுப்பு ஸ்டவுட்டில் போட்டால் வறுத்த மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி) அதைத் தாங்கும். கோல்டன் ஏலில் ஒளிந்துகொள்ள இடமே இல்லை. இஞ்சி ஒரு பிடி கூடினாலும் பீர் காணாமல் போய்விடும்.

வேறு சில பானங்களோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஜிஞ்சர் பீர் என்று பாட்டிலில் வருவது பெரும்பாலும் மதுவே இல்லாத குளிர்பானம். ஷாண்டி என்பது பீரில் லெமனேடு கலந்தது. பெங்களூர் ப்ரூவரிகளில் எங்கும் கிடைக்கும் பெல்ஜிய வகைக் கோதுமை பீரில் ஆரஞ்சுத் தோலும் கொத்தமல்லி விதையும் இருக்கும். கலங்கலாக இருப்பதைப் பார்த்தே அடையாளம் கண்டுவிடலாம்.

முதலில் வீட்டில்: ஒரு மாலைப் பயிற்சி

ப்ரூவரிக்குப் போவதற்கு முன் இதைச் செய்யச் சொல்வேன். செலவு சொற்பம், பலன் பெரிது.

இரண்டு விரற்கடை இஞ்சி, ஒரு துண்டு சுக்கு, இரண்டு எலுமிச்சை வாங்கிக்கொள்ளுங்கள். நான்கு டம்ளர்கள் எடுத்து, இரண்டாவதைத் தவிர மற்றவற்றில் ஆறிய குடிநீர் ஊற்றுங்கள். முதல் டம்ளரில் பச்சை இஞ்சியைத் துருவிப் போடுங்கள். இரண்டாவதில் அதே அளவு இஞ்சியைக் கால் மணி நேரம் கொதிக்கவைத்து ஆறவிட்ட நீர். மூன்றாவதில் தட்டிய சுக்கு. மூன்றையும் வடிகட்டி, ஒவ்வொன்றாக முகர்ந்து, ஒரு மடக்கு குடித்துப் பாருங்கள்.

பச்சை இஞ்சியில் எலுமிச்சையை ஒட்டிய ஒரு பசுமையான மணம் முன்னால் வரும், காரம் பின்னால். கொதித்ததில் அந்த மணம் ஆவியோடு போய்விட்டிருக்கும். காரம் அடங்கி, லேசான இனிப்பு வாசம் மிஞ்சும். சுக்கில் மணம் மரத்தன்மையுடன் இருக்கும், காரமோ தொண்டையைப் பிடிக்கும். காரணம் எளிது. பச்சை இஞ்சியின் காரத்துக்கு ஜிஞ்சரால் என்ற பொருள் காரணம். உலரும்போது அதில் ஒரு பகுதி ஷோகால் ஆக மாறும். அது இன்னும் உறைப்பானது. கொதிக்கும்போது ஒரு பகுதி ஜிஞ்சரோன் ஆகும், அது சாது. காலையில் இஞ்சி, கடும்பகல் சுக்கு என்று நேரம் பிரித்து வைத்தவர்கள் இரண்டும் ஒன்றல்ல என்று தெரிந்தேதான் வைத்திருக்கிறார்கள்.

நான்காவது டம்ளர் எலுமிச்சைக்கு. ஒரு பழத்தின் மேல்தோலை மட்டும், வெள்ளைப் பகுதி படாமல் சீவிப் போட்டு ஊறவிடுங்கள். இன்னொரு பழத்தின் சாற்றைத் தனிக் கிண்ணத்தில் பிழிந்து நீர் கலந்து வையுங்கள். தோல் நீரில் மணம் இருக்கும், புளிப்பு இருக்காது. சாற்று நீரில் புளிப்பு இருக்கும், மணம் குறைவு. இந்த வேறுபாடு நாக்கில் பதிந்துவிட்டால், பீரில் போட்டது தோலா சாறா என்று கோப்பையை வைத்தே ஊகிக்க முடியும். சீவும்போது கத்தி ஆழமாகப் போய் வெள்ளைப் பகுதியும் கொஞ்சம் விழுந்துவிட்டால் வீணாக்காதீர்கள். நாக்கின் மேல் வரட்டுக் கசப்பாகப் படிவது அதுதான். அவசரக்கார ப்ரூவரிகளின் பீரில் அதே கசப்பை மறுபடி சந்திப்பீர்கள்.

ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். நம் சந்தையில் கிடைக்கும் உருண்டையான சிறு எலுமிச்சையும், இங்கிலாந்து ப்ரூவரிகள் பயன்படுத்தும் தடித்த மஞ்சள் தோல் பழமும் வெவ்வேறு இனங்கள். அதன் தோல் மணம் மென்மை. நம் பழத்தின் மணம் கூர்மை. பெங்களூரில் காய்ச்சும் பீரில் எந்தப் பழம் போட்டிருக்கிறார்கள் என்பது ப்ரூவரியைப் பொறுத்தது, கேட்டால் சொல்வார்கள்.

ராமநவமி சமயத்தில் பெங்களூரில் இருப்பவர்களுக்கு இந்தப் பயிற்சி இலவசம். தெருமுனைப் பந்தல்களில் கோசம்பரியோடு தரும் பானகத்தில் வெல்லம், சுக்கு, எலுமிச்சை, ஏலக்காய் எல்லாம் இருக்கும். எது முதலில் வருகிறது, எது கடைசிவரை நிற்கிறது என்று பிரித்துக் குடித்துப் பாருங்கள்.

எப்போது போவது, எப்படிக் கேட்பது

சனிக்கிழமை இரவு வேண்டாம். இரைச்சல், பக்கத்து மேசைச் சில்லி சிக்கன் மணம், தோளில் இடிக்கும் கூட்டம் இவற்றுக்கு நடுவே யாரும் எதையும் முகர முடியாது. வார நாளில், மாலை ஐந்து மணிவாக்கில், கடை சற்றே ஓய்ந்திருக்கும் நேரம் நல்லது. வயிறு காலியாக இருக்கக் கூடாது. தயிர்சாதம் மாதிரி சாதுவான ஏதாவது போதும். ஃபில்டர் காபியும் வெற்றிலையும் குறைந்தது ஒரு மணி நேரம் முன்பே முடிந்திருக்க வேண்டும். வாசனைத் திரவியத்தைத் தவிர்த்துவிட்டால் பக்கத்தில் இருப்பவரும் நன்றி சொல்வார்.

ஆளுயரக் கோப்பையாகக் கேட்காதீர்கள். பெரும்பாலான ப்ரூவரிகளில் மாதிரிக்குச் சிறு கோப்பைகளில் தருவார்கள். மணமூட்டியது ஒன்று, மணமூட்டாத சாதாரண கோல்டன் ஏல் அல்லது பிளாண்ட் ஏல் ஒன்று என்று இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள். இந்த இரண்டாவது கோப்பைதான் உங்கள் அளவுகோல். அது இல்லாமல் இஞ்சி பீரைச் சுவைப்பது, சாதா ரசத்தின் ருசி தெரியாமல் பைனாப்பிள் ரசத்துக்கு மார்க் போடுவது போன்றது.

கொண்டுவருபவரிடம் மூன்று கேள்விகள் கேட்கலாம். பச்சை இஞ்சியா, பொடியா? கொதிக்கும்போது போட்டதா, புளித்து முடிந்த பிறகா? இந்தப் பீப்பாய் எப்போது திறந்தது? அவருக்குத் தெரியாவிட்டால் ப்ரூவரைக் கேட்டு வந்து சொல்வார். பெரிய செம்புக் கொப்பரைகளைக் கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் பெருமையாக வைத்திருக்கும் இடத்தில் இந்தக் கேள்வி அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது. சில இடங்களில் ப்ரூவரே மேசைக்கு வந்துவிடுவார். அவர்களுக்கும் யாராவது இதைக் கேட்க மாட்டார்களா என்று இருக்கிறது.

கண்ணால்

நீண்ட நேரம் வேண்டாம். வைக்கோல் நிறத்திலிருந்து பொன் நிறத்துக்குள் இருந்தால் சரி. லேசாக மங்கலாக இருப்பது குற்றமில்லை, இஞ்சியும் தோலும் போட்ட பீர் கண்ணாடிபோல் தெளிவது அரிது. கோப்பையின் உட்சுவரில் குமிழ்கள் அங்கங்கே ஒட்டிக்கொண்டு நின்றால் பீரைக் குற்றம் சொல்லாதீர்கள்; கோப்பை சரியாகக் கழுவப்படவில்லை. வேறு கோப்பையில் கேளுங்கள். நுரை சட்டென்று காணாமல் போனால், எண்ணெய்ப் பசையுள்ள கோப்பையோ, தோலின் எண்ணெய் அதிகம் இறங்கிய பீரோ காரணமாக இருக்கலாம்.

மூக்கால்

முக்கால்வாசி வேலை இங்கேதான். ஆனால் அதற்கு முன் காத்திருக்க வேண்டும். இங்கிலாந்தில் இத்தகைய ஏலை 11 முதல் 13 டிகிரிக்குள் பரிமாறுவது வழக்கம். நம் ஊரில் பல்லைக் கூசவைக்கும் குளிரில் தருவார்கள். அந்தக் குளிரில் எந்த பீரும் ஒரே மாதிரிதான் மணக்கும், அதாவது மணக்காது. கோப்பையை உள்ளங்கையில் அணைத்துப் பிடித்து ஐந்து பத்து நிமிடம் பேசிக்கொண்டிருங்கள். நண்பர்கள் ஏன் குடிக்கவில்லை என்று கேட்பார்கள். கேட்கட்டும்.

முதலில் சாதாரண ஏலை முகருங்கள். ஒரே இழுப்பாக இல்லாமல், குட்டிக் குட்டியாக இரண்டு மூன்று முறை. மாரி பிஸ்கட், ரொட்டி, லேசான தேன் என மால்ட்டின் மணங்கள் வரும். கூடவே புல், பூ அல்லது பழம் சாயலில், பீருக்குக் கசப்பூட்டும் ஹாப்ஸ் பூவின் மணம். அதை மனத்தில் நிறுத்திக்கொண்டு இஞ்சிக் கோப்பைக்கு வாருங்கள்.

முதலில் மேலெழுவது எலுமிச்சை. இது பழத்திலிருந்தும் வரலாம், ஹாப்ஸிலிருந்தும் வரலாம். ஜப்பானில் உருவான சொராச்சி ஏஸ் என்ற ஹாப்ஸ் எலுமிச்சைப் பழம் இல்லாமலே எலுமிச்சையாக மணக்கும். இஞ்சியிலேயே எலுமிச்சைச் சாயல் உண்டு என்பதை வீட்டில் பார்த்துவிட்டோம். இரண்டும் நல்ல ஜோடியாக இருப்பதன் காரணமும் அதுதான்: சிட்ரால் என்ற மணப்பொருள் இரண்டிலும் இருக்கிறது. எங்கே எலுமிச்சை முடிந்து எங்கே இஞ்சி தொடங்குகிறது என்று பிரிக்க முடியாமல் வந்தால் ப்ரூவர் கைகாரர். பாத்திரம் தேய்க்கும் சோப்புக் கட்டி நினைவுக்கு வந்தால் மணத்தைக் கடையில் வாங்கி ஊற்றியிருக்க வாய்ப்பு அதிகம்.

இப்போது கடினமான பகுதி. மூக்கை எடுத்துவிட்டு, புறங்கையையோ சட்டைக் கையையோ ஒரு நொடி முகர்ந்து மூக்கை ஆற்றிக்கொள்ளுங்கள். மறுபடி கோப்பைக்குப் போய், இஞ்சியைத் தேடாமல் அந்த மாரி பிஸ்கட்டைத் தேடுங்கள். கிடைக்கிறதா? கிடைத்தால் நல்ல பீர். இரண்டு மூன்று முறை முயன்றும் இஞ்சி மட்டுமே வந்தால், இஞ்சித் தண்ணீருக்குப் பீர் விலை கொடுக்கிறீர்கள்.

வாயால்

ஒரு மடக்கு, வாய் நிறையும் அளவு. ஒயின் சுவைப்பவர்கள் துப்புவதைப் பார்த்து நீங்களும் துப்பாதீர்கள். பீரின் கசப்பு விழுங்கிய பிறகே முழுதாகத் தெரியும். நாக்கின் நுனியில் இனிப்பு, ஓரத்தில் புளிப்பு, அடியில் கசப்பு என்று பள்ளிப் புத்தகத்தில் பார்த்த படம் தவறானது. எல்லாச் சுவையும் நாக்கின் எல்லாப் பக்கமும் தெரியும். ஆகவே வாய் முழுக்கப் பரவவிடுங்கள்.

வரிசையைக் கவனியுங்கள். தொடக்கத்திலேயே மால்ட்டின் மெல்லிய இனிப்பு. உடனே எலுமிச்சையின் வெட்டு. பிறகு ஹாப்ஸின் கசப்பு. இஞ்சியின் காரம் கடைசியில்தான் வரும், அதுவும் தொண்டையில். இஞ்சியின் காரம் இனிப்பு, புளிப்பு போன்ற சுவையல்ல; மிளகாயின் உறைப்பைப் போலவே, சூட்டை உணரும் நரம்புகளைத் தூண்டுவது. அதனால்தான் சில நொடி தாமதம். பீரில் இருக்கும் வாயுவும் தன் பங்குக்குக் குத்தும். நன்றாக நுரைத்துப் பொங்கும் பீரில் அதே அளவு இஞ்சி கூடுதலாக உறைப்பதாகத் தோன்றும். வாயு அடங்கிய பிறகு ஒரு மடக்கு குடித்து ஒப்பிட்டால் உண்மையான இஞ்சி அளவு தெரியும்.

விழுங்கியதும் வாயை மூடி, மூக்கு வழியாக மூச்சை வெளியே விடுங்கள். புதியவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது இதைத்தான். தொண்டை வழியாக உள்ளிருந்து மூக்குக்கு ஏறும் மணம், வெளியிலிருந்து முகர்ந்ததைவிட வேறாக இருக்கும். வெளியே எலுமிச்சையாக இருந்த பீர் உள்ளே ரொட்டியாகவும் சுக்காகவும் மாறுவது இந்தக் கட்டத்தில்தான். பிறகு மனத்துக்குள் பத்து எண்ணுங்கள். காரம் மெல்லக் குறைந்து, சுத்தமான கசப்போடு வாய் உலர்ந்து, அடுத்த மடக்குக்குத் தயாரானால் சமன் சரியாக இருக்கிறது. காரம் ஏறிக்கொண்டே போய் முகம் இஞ்சி தின்ற குரங்கைப் போல ஆனால் பொடியை அள்ளிப் போட்டிருக்கிறார்கள். சர்பத் போல இனிப்பு தங்கினால், காரத்தை மறைக்கச் சர்க்கரையைத் துணைக்கு அழைத்திருக்கிறார்கள்.

இரண்டு கோப்பைகளுக்கும் இடையே சாதாரணத் தண்ணீர், ஒரு துண்டு வெள்ளை ரொட்டி. முதல் மடக்கை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். இஞ்சிக்கு வாய் சீக்கிரம் பழகிவிடும், மூன்றாவது மடக்கில் பீர் தன்னைக் காட்டும்.

மணத்துக்குப் பின்னால் ஒளியும் குறைகள்

இஞ்சியும் எலுமிச்சையும் நல்ல திரைச்சீலைகள். சரியாக வராத பீப்பாயை மணமூட்டித் தள்ளிவிடும் ஆசை எந்தக் கடைக்கும் வரலாம். பீரின் குளிர் விட்டதும் மறுபடி முகர்ந்தால் திரை விலகும். வெண்ணெய், பாப்கார்ன் வாசனை வந்தால் பீர் முழுமையாகப் புளித்து முடியவில்லை. வெந்த மக்காச்சோள வாசனை கொதியில் நடந்த குறை. நனைந்த அட்டைப்பெட்டி வாசனை என்றால் பழைய பீர். பாட்டிலில் வாங்கிய பீரில் ஒரு முடைநாற்றம் இருந்தால் வெயில் பட்டிருக்கிறது. பச்சை, வெள்ளைப் பாட்டில்களில் இது அதிகம், பழுப்புப் பாட்டிலில் குறைவு. பணிவாகச் சொன்னால் பெரும்பாலும் மாற்றித் தருவார்கள்.

கூடவே என்ன சாப்பிடலாம்

சுவைத்து முடித்த பிறகு. வறுத்த மீன் முதல் தேர்வு. எலுமிச்சை பிழியும் வேலையைப் பீரே பார்த்துக்கொள்ளும். காங்கிரஸ் கடலை என்று பெங்களூர்க் கடைகளில் கிடைக்கும் காரக்கடலையும் பொருந்தும், அளவோடு. ஆந்திரச் சில்லி சிக்கன் வேண்டாம்: மிளகாயும் இஞ்சியும் ஒரே நரம்பை இரண்டு பக்கமும் பிடித்து உலுக்கும். பன்னீர் டிக்கா நடுநிலை.

குறித்துக்கொள்ளுங்கள்

மறுநாள் எதுவும் நினைவிருக்காது, அதனால் கைப்பேசியில் நான்கு வரி. அழகாக எழுத வேண்டாம். உதாரணத்துக்கு இப்படி:

"வெளிர்பொன், லேசான மங்கல். நுரை சீக்கிரம் அடங்கியது. முதலில் எலுமிச்சைத் தோல், பின்னால் பச்சை இஞ்சி. குளிர் விட்டதும் பிஸ்கட் தெரிந்தது. புளிப்பு இல்லை, சாறு போடவில்லை போலிருக்கிறது. காரம் தொண்டையில், பத்து எண்ணுவதற்குள் போய்விட்டது. சாதா ஏலைவிட இது மேல். மறுபடி வாங்கலாம்."

"சூப்பர்", "சுமார்" என்று மட்டும் எழுதினால் அடுத்த முறை உதவாது. எந்தக் கட்டத்தில் எது வந்தது என்ற வரிசையைக் குறித்தால் போதும், மூன்று நான்கு ப்ரூவரிகளைப் பார்த்த பிறகு உங்கள் வாய்க்கு எவ்வளவு இஞ்சி பிடிக்கும் என்று தானே தெரிந்துவிடும்.

திரும்பும் வழியையும் திட்டத்தில் சேருங்கள். இரத்தத்தில் 100 மில்லிலிட்டருக்கு 30 மில்லிகிராம் ஆல்கஹாலைத் தாண்டினால் வண்டி ஓட்டுவது குற்றம். 5 சதவீத ஏல் 330 மில்லியில் ஏறக்குறைய 13 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. சிறு கோப்பைதானே என்று மனக்கணக்குப் போட்டு ஸ்கூட்டரை எடுக்காதீர்கள். இந்திராநகர், அல்சூர், எம்.ஜி. சாலை எல்லாமே மெட்ரோவின் ஊதா வழித்தடத்தில் இருக்கின்றன. கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்பதை, பட்டியலைக் கையில் வாங்குவதற்கு முன்பே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.